பனிவெளியில் பாட்டுத் தேடியவர்

எழுத்தறியா மக்களின் நாவில் வாழ்ந்த பாடல்களை ஏட்டில் ஏற்றியவர் பலர். அம்மக்களின் மொழியையே மழலையில் பேசி வளர்ந்து, பின்னர் அப்பணிக்கு வந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் க்னுட் ராஸ்முசன்.

அவர் 1879-இல் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், இன்று இலுலிசாட் என வழங்கும் ஊரில் பிறந்தார். தந்தை டென்மார்க்கிலிருந்து வந்த பாதிரியார். தாய்வழியில் இனூயிட் குருதி கலந்திருந்தது. இனூயிட் சிறுவர்களே விளையாட்டுத் தோழர்கள். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியைச் செலுத்த இளமையிலேயே கற்றார். பன்னிரண்டாம் வயதில் கல்விக்காக டென்மார்க் சென்றவர், நடிப்பையும் இசைநாடகத்தையும் முயன்று கைவிட்டார். அம்முயற்சிகள் வென்றிருந்தால் நமக்கு நட்டமே நேர்ந்திருக்கும்! 1902-இல் கிரீன்லாந்துக்குப் புறப்பட்ட இலக்கியப் பயணக் குழுவில் சேர்ந்தபோதுதான் தம் வழியைக் கண்டார்.

1910-இல் பீட்டர் ஃப்ராய்கனுடன் சேர்ந்து வடமேற்குக் கிரீன்லாந்தில் ஒரு வணிக நிலையம் நிறுவி, அதற்குத் துலே எனப் பெயரிட்டார். வேட்டைக்காரர்கள் நரித்தோல் கொணர்ந்தனர். துப்பாக்கியும் பிற பொருள்களும் பெற்றுச் சென்றனர். அந்த வருவாயே அவருடைய ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளுதவிற்று. பழைய வாழ்வு மறையுமுன் அதன் பாடல்களைப் பதிந்துவிட வேண்டுமென ஓடியவரே, அவ்வாழ்வை மாற்றும் பண்டங்களை விற்ற கடைக்காரரும் ஆவார். இம்முரணை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் முறையன்று.

1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் துலேப் பயணமே அவர் வாழ்வின் சிகரம். 1922-இல், அட்சன் விரிகுடாவுக்கு மேற்கே உள்நாட்டில் வாழ்ந்த கலைமான் வேட்டையரைத் தேடிச் சென்றார். வெளியுலகம் அதிகம் தீண்டாத மக்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. இக்யுகார்யுக் என்னும் மருளாடியின் கூடாரத்தை நெருங்கியபோது அவரை வரவேற்றதோ கிராமபோனில் முழங்கிய இத்தாலியப் பாடகர் கரூசோவின் குரல்! நூறாண்டு தாமதித்து வந்துவிட்டோமோ என மனம் சோர்ந்தார். ஆயினும் திரும்பிவிடவில்லை. அதே மருளாடி, தாம் கடுங்குளிரில் தனித்துப் பட்டினி கிடந்து ஆற்றல் பெற்ற வரலாற்றைப் பிறகு அவரிடம் விரித்துரைத்தார். இசைத்தட்டு நுழைந்த வீட்டில் பழம்பாட்டு செத்துவிட்டதென முடிவுகட்டாத அந்தப் பொறுமையே அவர் தொகுப்பின் உயிர்.

நெட்சிலிக் மக்களிடையே ஓர்ப்பிங்காலிக் என்னும் கவிஞரைக் கண்டார். அக்கவிஞர் தம் பாடல் ஒன்றுக்கு வைத்திருந்த பெயர் 'என் மூச்சு'. அவர் மனைவி உவ்லுனுவாக்கும் பாடல் புனைபவர். சினத்தில் வேட்டைத் தோழனைக் கொன்றுவிட்டுத் தலைமறைவான மகனை நினைந்து அத்தாய் பாடியதையும் ராஸ்முசன் எழுதிக்கொண்டார். அம்மொழியறியா அயலாரிடம் ஒரு தாய் இதைப் பாடியிருப்பாரா என்பது நம் கவிஞர்கள் எண்ணத்தக்கது.

அதே மக்களிடம் தாயத்துகளையும் விலைக்கு வாங்கினார். பொருள் கைமாறினாலும் அதன் காவல் பழைய உடைமையாளரை விட்டு நீங்காது என வாதிட்டு அவர்களை இணங்கச் செய்தார். அது நம்பிக்கையை மதித்த பேச்சா, வணிகரின் நாவன்மையா? இரண்டும் என்றே தோன்றுகிறது.

காவிகர்சுவாக் என்னும் இளைஞரும் ஆர்னருலுங்குவாக் என்னும் பெண்மணியும் துணைவர, 1924-இல் சறுக்குவண்டியில் அலாஸ்காவை அடைந்தார். கிரீன்லாந்தில் அவர் கற்ற மொழி கண்டத்தின் மறுகரை வரை வழிநெடுகப் பயன்பட்டது.

1933-இல், ஏழாம் பயணத்தின்போது நச்சுணவால் நலிந்து, நுரையீரல் அழற்சியும் சேர, ஐம்பத்து நான்காம் வயதில் டென்மார்க்கில் மறைந்தார். 1953-இல் அமெரிக்க விமானத் தளத்துக்காகத் துலே மக்கள் தம் ஊரைவிட்டு வடக்கே அகற்றப்பட்டனர்.

இக்லூலிக் பகுதியில் அவர் உரையாடிய அவா என்னும் மருளாடியும் பின்னர்க் கிறித்துவரானார். 2006-இல் அவ்வூர் இனூயிட் கலைஞர்கள், ராஸ்முசனின் குறிப்பேடுகளைக் கொண்டே அவாவின் கதையைத் தம் மொழியில் திரைப்படமாக்கினர்.