காப்பி இலையின் எமனைக் கண்டவர்

இலைக்குள் குடியிருந்து அதை அரித்து உதிர்க்கும் பூசணங்களை ஆராய்வது இன்று கல்லூரி மாணவர்களும் செய்யும் வேலை. சின்ன காஞ்சிபுரத்துக் கொல்லையில் உதிர்ந்து கிடக்கும் மாவிலையிலும் அதைத் தொடங்கலாம். அப்படி ஓர் இலையை ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்றார் ஹாரி மார்ஷல் வார்ட்.

இங்கிலாந்தில், ஹெரிபோர்டு நகரில் 1854-ம் ஆண்டு பிறந்தவர் வார்ட். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்று 1879-ல் முதல் வகுப்பில் தேறினார். அச்சமயம் இலங்கைக் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1869-ல் தலைகாட்டிய துரு நோய் மலைக்கு மலை தாவியது. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படியும், பிறகு இலை உதிரும், செடி மொட்டையாகும். துரைமார்களில் சிலர் மழையைக் குறை கூறினர். சிலர் மண்ணைக் குறை கூறினர். சர்க்கார் 1880-ல் வார்டை இலங்கைக்கு வரவழைத்தது.

ஆரோக்கியமான இலையில் பூசண வித்துக்களைத் தூவி, ஈரம் காயாமல் காத்தார் வார்ட். நீர்த்துளியில் வித்து முளைவிட்டது. முளை இலையின் சுவாசத் துவாரம் வழியே உள்ளே புகுந்தது. சில வாரங்களில் அதே ஆரஞ்சுப் பொடி வெளிப்பட்டது. கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, வித்துக்கள் காற்றில் பறந்து வருவதையும் நிரூபித்தார். இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்கு விரித்த பாய் என்பது விளங்கியது.

துரைமார்கள் கேட்டது மருந்து. இலைக்குள் புகுந்துவிட்ட பூசணத்துக்கு அன்று மருந்தில்லை என்ற உண்மையைத்தான் அவர் தந்தார். அது யாருக்கும் இனிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் ஊர் திரும்பினார்; காப்பி போய்த் தேயிலை வந்தது.

அந்த மாற்றம் நம்மவர் வாழ்வையும் மாற்றியது. காப்பிக்கு ஆள் வேண்டியது பெரும்பாலும் அறுவடைக் காலத்தில்தான். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கை வேண்டும். பருவத்துக்குப் போய்வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தோடு மலையிலேயே தங்கினர். மலையகத் தமிழர் வரலாற்றில் இந்தச் சிறு பூசணத்துக்கும் பங்குண்டு!

பின்னர் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் இந்திய வன இலாகாவுக்குச் செல்லும் மாணவர்களுக்கு வார்ட் போதித்தார். மரத்தை உளுக்கச் செய்யும் பூசணங்களையும் ஆராய்ந்தார். 1895-ல் கேம்பிரிட்ஜில் தாவர இயல் பேராசிரியரானார். 1906-ல், 52-வது வயதில் காலமானார்.

காப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பயிர் நோயைத் தலைவிதி என்று விடாமல், காரணம் தேடும் வழியைக் காட்டிச் சென்றார். அந்த வழியில்தான் இன்றும் பயிர்கள் காக்கப்படுகின்றன.