நிதானத்தின் வேந்தர் மீர் சுல்தான் கான்

சதுரங்கம் ஆடுவோர் முன் இரு வழிகள் உள்ளன. எதிராளி எவ்வாறு ஆடினும் நிலைத்து நிற்கும் நகர்வு ஒன்று. அவர் தவறினால் மட்டுமே பலிக்கும் நகர்வு மற்றொன்று. பின்னது அறிவு விளையாட்டினுள் புகுந்த சூது எனலாம். முன்னதைப் பற்றி நின்று உலகை வியக்கவைத்த பெருமகனாரை இங்கு நினைவுகூர்கிறோம்.

மீர் சுல்தான் கான் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் உள்ள மித்தா திவானா எனும் ஊரில் பிறந்தவர். பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்தார். 1928இல் அகில இந்திய வாகையரான அவரை, 1929இல் இலண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

சுல்தான் கான் இளமையில் பயின்றது நம் நாட்டு முறை ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். படைகள் மெல்லவே நெருங்கும். மேலைநாட்டாரோ தொடக்க நகர்வுகளை நூல்வழி கற்றுத் தேர்ந்தவர்கள். ஆதலால் ஆட்டத் தொடக்கத்தில் அவர் பலமுறை பின்தங்கினார்.

பின்தங்கியவர்க்கு ஓர் ஆசை பிறப்பது இயல்பு. காயொன்றைப் பலியிட்டுக் குழப்பம் விளைவித்து, அதனிடையே வெற்றியைப் பறித்துவிடலாம் என்பதே அது. சுல்தான் கானின் ஆட்டமுறை வேறு. அவர் காய்களைப் பொறுமையாக ஒழுங்குபடுத்தினார். குறைகளை ஒவ்வொன்றாகச் சீர்செய்தார். காய்கள் குறைந்த இறுதிக் கட்டத்தில் அவரது கணிப்பே மேலோங்கிற்று.

1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் வாகையர் பட்டம் அவரையே அடைந்தது. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், தோல்வியை அரிதாகவே கண்ட முன்னாள் உலக வாகையர் கபாபிளாங்காவை 65 நகர்வுகளில் வென்றார். சமனுக்கு உடன்படுவதே பெருமை எனக் கருதத்தக்க எதிராளி அவர். எனினும் சுல்தான் கான் பிடியைத் தளர்த்தவில்லை. நிதானம் என்பது அச்சமன்று என்பதை இவ்வாட்டம் மெய்ப்பித்தது. 1931இல், புதுமை வேட்கை மிக்க தார்த்தகோவருடன் 12 ஆட்டங்கள் ஆடி, 6½-5½ எனும் கணக்கில் வென்றார்.

1933இன் இறுதியில் தாயகம் திரும்பினார். ஐந்தாண்டுகூட நிறையாத பன்னாட்டு ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்தது. 1966இல் அவர் மறைந்தார். 58 ஆண்டுகள் கழித்து, 2024இல், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கிற்று.

மாணவச் செல்வங்களே! தேர்விலும் தொழிலிலும் பின்தங்கும் வேளை நமக்கும் வரும். அப்பொழுது குறுக்குவழி கவர்ச்சியாகத் தோன்றும். பிறர் தவற்றை எதிர்பார்த்து இராமல், நமது அடுத்த நகர்வைச் செம்மையாக்குவோம். பலன் காலந்தாழ்ந்து வரினும் அது நிலைத்து நிற்கும்.