வால்டர் எலியட்: உலைக்குப் போகவிருந்த தென்னிந்தியக் காசுகளைச் சேர்த்தவர், அவர் பட்டியலில் விடுபட்டது என்ன?

திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கிறது சந்திரகிரி. மலையடிவாரத்தில் கோட்டை, உள்ளே ராஜமகால். விஜயநகரத்தின் கடைசி வம்சமான அரவீடு அரசர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். அவர்கள் காலத்துப் பொன் வராகன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் திருவாசிக்குக் கீழே பெருமாள் நிற்பார். மறுபக்கம், வேங்கடேஸ்வரருக்கு வணக்கம் சொல்லும் நாகரி எழுத்து. எடை ஏறக்குறைய 3.4 கிராம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

இப்படி ஒரு காசு இன்று நிலத்தில் கிடைத்தால் என்ன ஆகும்? மூன்று வழி இருக்கிறது. அரசிடம் போகலாம். சேகரிப்பாளரிடம் போகலாம். நகைப்பட்டறை உலைக்கும் போகலாம். உலைக்குப் போய்விட்டால் 3.4 கிராம் தங்கம் மிஞ்சும், அவ்வளவுதான்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மூன்றாவது வழியில் காசுகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் மெட்ராஸுக்கு வந்து இறங்கியவர் வால்டர் எலியட். தென்னிந்தியக் காசுகளைப் பற்றிப் பேசும் யாரும் இன்றும் அவர் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது. அவர் யார், எதைக் காப்பாற்றினார், எதைக் கோட்டை விட்டார்? பார்க்கலாம்.

யார் இந்த எலியட்?

1803-ல் எடின்பரோவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கான ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு, 1821-ல் மெட்ராஸ் வந்தபோது அவருக்கு வயது 18. தென்னிந்தியாவின் சுவடிகளையும் காசுகளையும் பெரிய அளவில் திரட்டிய காலின் மெக்கன்சி இறந்ததும் அதே 1821-ல்தான்.

புதிதாக வரும் அதிகாரிகள் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இந்திய மொழிகள் படிக்க வேண்டும். எலியட் தமிழிலும் இந்துஸ்தானியிலும் தேறி 1,000 வராகன் பரிசு வாங்கினார். இந்தப் பரிசை ரூபாயில் சொல்லாமல் வராகனில் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அன்றைய கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வராகன் ஏன் உலைக்குப் போனது?

மெட்ராஸ் கணக்கில் 1 வராகன் என்பது 42 பணம். 1 பணம் என்பது 80 காசு. அப்படியென்றால் 1 வராகனுக்கு 3,360 காசு. சந்தைக்குப் போகும் சாதாரண ஆளுக்குத் தலை சுற்றும் கணக்கு இது. போதாக்குறைக்கு ஊருக்கு ஒரு வராகன், அரசுக்கு ஒரு அச்சு. எது எவ்வளவு தேறும் என்று சொல்வதற்கென்றே ஒரு தொழில் இருந்தது. அவர்கள்தான் சராப்புகள்.

கம்பெனி இந்தக் குழப்பத்துக்கு 1818-ல் முடிவு கட்டியது. மெட்ராஸ் மாகாணத்தின் ஆதார நாணயம் இனி வெள்ளி ரூபாய். 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். எலியட் வாங்கிய 1,000 வராகன் இந்தக் கணக்கில் 3,500 ரூபாய். 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது.

கணக்கு சுலபமாச்சு. ஆனால் இன்னொன்றும் நடந்தது. கணக்கிலிருந்து இறங்கிய பழைய பொற்காசு வெறும் தங்கம் ஆகிவிடும். கல்யாணத்துக்குச் சங்கிலி வேண்டுமா, உருக்கு. கடன் அடைக்கணுமா, நிறுத்துப் போடு. யாரையும் குறை சொல்ல முடியாது. செல்லாத காசை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? எலியட் நாட்டுக்குள் வந்தது இந்த மாற்றம் தொடங்கி மூன்றே வருஷத்தில். அவர் சேர்க்கத் தொடங்கியபோது காசுகள் இன்னும் ஆட்கள் கையில் இருந்தன. ஒரு தலைமுறை தள்ளிப் பிறந்திருந்தால் பெரும்பகுதி வளையலாகவும் மூக்குத்தியாகவும்தான் கண்ணில் பட்டிருக்கும்.

காசைப் பார்த்து அரசனைக் கண்டுபிடித்தது எப்படி?

சேலத்தில் உதவி அதிகாரியாகக் கொஞ்ச காலம் இருந்த எலியட், அடுத்து தார்வார் பக்கம் போனார். 1824-ல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படை கம்பெனியை எதிர்த்து எழுந்தது. கலெக்டர் தாக்கரே கொல்லப்பட்டார். 21 வயது எலியட்டும் ஸ்டீவன்சன் என்ற இன்னொரு அதிகாரியும் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டார்கள். சில வாரங்கள் கழித்து விடுவிக்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகும் 1833 வரை அதே வட்டாரத்தில்தான் வேலை பார்த்தார். ஊர் ஊராகக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். எழுத்தைப் படித்துச் சொன்னவர்களும், பொருள் சொன்னவர்களும் உள்ளூர்ப் பண்டிதர்கள். அந்தத் தொகுப்பில் சேர்ந்த கல்வெட்டுகளின் எண்ணிக்கை 595.

இங்கேதான் எலியட்டின் முறை தெரிகிறது. தென்னிந்தியப் பழங்காசுகள் பலவற்றில் அரசன் பெயரும் இருக்காது, ஆண்டும் இருக்காது. ஒரு பன்றி இருக்கும், ஒரு யானை இருக்கும், ஒரு தாமரை இருக்கும். கல்வெட்டுகளில் இருந்த முத்திரைகளையும் வம்சக் கதைகளையும் வைத்துக்கொண்டு அவர் காசைப் படிக்கத் தொடங்கினார். பன்றி சாளுக்கியர் சின்னம். வராகன் என்ற பெயரே அந்தப் பன்றியிலிருந்து வந்தது. யானை கங்கர் பக்கம் கொண்டுபோகும். காசைக் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று நாணயவியல் மாணவர் செய்யும் முதல் வேலை. அன்றைக்கு அது புதுசு.

திருப்பதிக்கும் இந்தக் காசுகளுக்கும் என்ன தொடர்பு?

விஜயநகர வரலாற்றில் பொன்னும் திருமலையும் பிரியாதவை. கிருஷ்ணதேவராயர் 1514-ல் பெருமாளுக்கு 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்ததைத் திருமலைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. பின்னால் வந்த அரவீடு அரசர்கள் பெருமாளையே காசில் நிறுத்தினார்கள்.

அந்த வழக்கத்தை ஆங்கிலேயரும் விடவில்லை. மெட்ராஸில் கம்பெனி அடித்த மூன்று சாமி வராகனில் பெருமாளும் இரு தேவியரும் நின்றார்கள். காரணம் பக்தி இல்லை, வியாபாரம். மக்கள் பழகிய உருவம் இல்லாத காசைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள்.

1808 வாக்கில் மெட்ராஸ் தங்கசாலை வெள்ளியில் அரை வராகன் அடித்தது. ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபக்கம் பெருமாள். தமிழ், தெலுங்கு எழுத்துகளும் உண்டு. அதற்கான வெள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி ஸ்பானிய டாலர். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் அச்சாகி, கடல் கடந்து வந்த காசுகள். சிலவற்றின் மேலேயே புது அச்சைக் குத்திவிட்டார்கள். நன்றாக உற்றுப் பார்த்தால் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய அச்சின் தடம் தெரியும்.

அதே ஸ்பானிய டாலர்தான் அமெரிக்காவிலும் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. அங்கே பழைய வெள்ளிக் காசு சேர்ப்பது இன்று பெரிய சந்தை. காசின் நிலைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். தேய்மானம் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். மிக நல்ல நிலையில் இருந்த 1794-ஆம் ஆண்டு டாலர் ஒன்று 2013-ல் ஏலத்தில் 1 கோடி டாலருக்கு மேல் போனது. அந்தக் காசில் ஆண்டு இருக்கிறது, அச்சடித்த சாலை தெரியும், ஆவணம் இருக்கிறது. அதனால் பளபளப்புக்கு மதிப்பெண் போட்டால் போதும்.

நம் ஊர்க் காசுக்கு அந்த வசதி இல்லை. பெயரும் ஆண்டும் இல்லாத ஒரு வராகனுக்கு, அது எந்த ஊர் மண்ணில், எந்தெந்தக் காசுகளோடு சேர்ந்து கிடைத்தது என்பதுதான் பிறப்புச் சான்றிதழ். தேய்ந்த காசாக இருந்தாலும் ஊர் தெரிந்தால் வரலாறு பேசும். புதுசு மாதிரி மின்னினாலும் ஊர் தெரியாவிட்டால் பாதி ஊமை.

எலியட் எங்கே கோட்டை விட்டார்?

இந்த விஷயத்தில் அவருடைய வாழ்க்கையே இரண்டு விதமாகச் சாட்சி சொல்கிறது.

எலியட் விலங்கியல் ஆர்வலரும்கூட. புறா, கோழி இனங்களை ஆராய்ந்துகொண்டிருந்த சார்லஸ் டார்வினுக்கு 1850-களில் இந்தியாவிலிருந்து பறவைத் தோல்களை அனுப்பியவர். மூங்கில் அணத்தான் என்று நாம் சொல்லும் மர மூஞ்சூறின் அறிவியல் பெயரில் எலியட் இருக்கிறார், தமிழ்ச் சொல்லான அணத்தானும் இருக்கிறது. முதல் மாதிரி கிடைத்த இடம் கடப்பாவுக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகள் என்று பதிவாகியிருக்கிறது. அதாவது திருப்பதிக்கு வடக்கே இருக்கும் மலைத்தொடர். ஒரு சின்ன விலங்குக்கு ஊர்ப் பெயர் பதிவானது. அதனால் அந்தப் பதிவு இன்றும் பயன்படுகிறது.

அமராவதியில் அப்படி நடக்கவில்லை. 1845-ல் குண்டூர்ப் பகுதிக்கு அனுப்பப்பட்ட எலியட், அங்கே பௌத்த ஸ்தூபியைத் தோண்டிச் சிற்பங்களை மெட்ராஸுக்கு அனுப்பினார். எலியட் மார்பிள்ஸ் என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் மெட்ராஸில் கிடந்த கற்கள் 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் எந்தக் கல் ஸ்தூபியின் எந்த இடத்தில் இருந்தது என்ற முழுப் பதிவு இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை ஊகித்துத்தான் அடுக்க வேண்டியிருந்தது.

காசுகளும் அந்த வழியிலேயே போயின. கடைக்காரர், சராப்பு, நண்பர்கள் என்று பல கை மாறி வந்து சேர்ந்த காசுக்கு எந்த ஊர் என்று எழுதுவது? அந்தக் காலத்துச் சேகரிப்புகள் பலவற்றின் குறை இது. எலியட்டின் சேகரிப்பும் கடைசியில் பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தது. உலையிலிருந்து தப்பியது உண்மை. ஊரை விட்டுப் போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடை போட வேண்டும்.

கடைசி ஆண்டுகளில் என்ன செய்தார்?

1854-ல் மெட்ராஸ் ஆளுநரின் கவுன்சில் உறுப்பினர் ஆனார். 1858-ல் ஆட்சி கம்பெனியிடமிருந்து விக்டோரியா ராணிக்கு மாறியபோது, ஆளுநர் ஹாரிஸ் பிரபுவுக்கு உடல்நலம் சரியில்லை. மூத்த உறுப்பினரான எலியட்தான் மெட்ராஸில் அந்தப் பிரகடன நிகழ்ச்சியை முன்னின்று நடத்தினார். 1860-ல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தின் வுல்ஃபிலீ என்ற குடும்ப எஸ்டேட்டுக்குத் திரும்பினார். 1866-ல் சர் பட்டம்.

பிறகு மெல்ல மெல்லக் கண் பார்வை போனது. காசின் தேய்ந்த எழுத்தைக் கண்ணால் படித்தே வாழ்ந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் நிறுத்தவில்லை. தென்னிந்தியக் காசுகள் பற்றிய அவருடைய புத்தகம் 1885-ல் வந்தபோது வயது 82. சாளுக்கியர் முதல் விஜயநகரம் வரை சிதறிக் கிடந்த காசுகளை வம்சவாரியாக அடுக்கிக் காட்டிய புத்தகம் அது. சில அடையாளங்களைப் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் திருத்துவதற்கு ஒரு பட்டியல் இருந்ததே அவரால்தான்.

1887 மார்ச் 1-ஆம் தேதி காலை, திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார். குறள் பதிப்பு பற்றி விசாரித்த அந்தக் கடிதத்தில் தன் கையால் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை இறந்துபோனார்.

இன்று ஒரு காசு கிடைத்தால் என்ன செய்வது?

எலியட் உயிரோடு இருந்த காலத்திலேயே, 1878-ல், இந்தியப் புதையல் சட்டம் வந்தது. இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணில் புதைந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

தெரிவித்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் பலரையும் நகைப்பட்டறைக்கு அனுப்புகிறது. சட்டம் சொல்வது வேறு. உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

அந்தக் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்றும் 1878 சட்டம் சொல்கிறது. என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எந்தத் தேதியில் கிடைத்தது, எந்த இடத்தில் கிடைத்தது. தரவுகளோடு வேலை செய்பவள் என்ற முறையில் என் கண் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நிற்கிறது. எலியட்டின் பட்டியலில் பல வரிசைகளில் காலியாக இருப்பது அதுதான். சந்திரகிரிப் பக்கம் ஒரு வயலில் நாளை ஒரு வராகன் கிடைத்தால், அதைத் துடைத்து மினுக்குவதற்கு முன் ஊர்ப் பெயரை எழுதி வையுங்கள். எலியட்டால் செய்ய முடியாத வேலையை நீங்கள் செய்து முடித்திருப்பீர்கள்.