பன்னிரண்டு மாலுமிகள், ஆறு மருந்துகள்: ஜேம்ஸ் லிண்டின் கதை

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு மருத்துவக் குறிப்பாவது வந்துவிடுகிறது. இந்தக் கஷாயம் குடித்ததில் சர்க்கரை இறங்கியது, அந்தப் பொடியில் மூட்டுவலி போயேபோய்விட்டது என்று. அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். படிக்கிற உங்களுக்குத்தான் எதை நம்புவது, எதை விடுவது என்ற குழப்பம்.

ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பல் மருத்துவருக்கும் இதே குழப்பம் வந்தது. அவர் அதற்குக் கண்ட வழிதான் இன்று உங்கள் மருத்துவர் எழுதித் தரும் பல மருந்துகளுக்குப் பின்னால் நிற்கிறது. அவர் பெயர் ஜேம்ஸ் லிண்ட். அவருடைய வெற்றியைப் போலவே சறுக்கலிலும் நமக்குப் பாடம் உண்டு.

கடலில் ஒரு கொடுமை

லிண்ட் 1716ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். 1739இல் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவ உதவியாளரானார். மத்தியதரைக் கடல், மேற்கு ஆப்பிரிக்கக் கரை, மேற்கிந்தியத் தீவுகள் எனப் பல இடங்களுக்கும் கப்பலில் போனார்.

அந்தக் காலத்தில் மாலுமிகள் எதிரியின் பீரங்கியைவிட ஸ்கர்வி என்ற நோய்க்கே அதிகம் பலியானார்கள். கரையைப் பார்க்காமல் சில மாதங்கள் கடலில் இருந்தால் போதும்; ஈறு வீங்கி ரத்தம் கசியும், பற்கள் ஆடும், தோலில் கருநீலத் திட்டுகள் தோன்றும், எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. எப்போதோ ஆறிப்போன காயங்கள்கூட மறுபடி திறந்துகொள்ளும். 1740இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற தளபதி ஏறத்தாழ 1,900 பேருடன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். அவர்களில் 1,300 பேருக்கு மேல் நோயால் இறந்தனர். பெரும்பங்கு ஸ்கர்வியால்தான்.

மருந்து இல்லை என்பதல்ல பிரச்சினை. மருந்துகள் ஏராளமாக இருந்தன. ஒருவர் வினிகர் என்றார், இன்னொருவர் கந்தக அமிலம் கலந்த திராவகம் என்றார், மற்றொருவர் கடல்நீர் என்றார். 1601லேயே ஜேம்ஸ் லங்காஸ்டர் என்ற கப்பல் தலைவர் தன் கப்பலில் இருந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து நல்ல பலன் கண்டிருந்தார். ஆனால் அதுவும் பத்தோடு பதினொன்றாகவே இருந்தது. எது உண்மையில் வேலை செய்கிறது என்று சொல்ல யாரிடமும் அளவுகோல் இல்லை.

1747 மே 20

லிண்ட் அப்போது சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலின் மருத்துவர். கப்பலில் ஸ்கர்வி பரவியிருந்தது. நோயின் அறிகுறிகள் கூடியவரை ஒரே மாதிரி இருந்த 12 மாலுமிகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரையும் ஒரே இடத்தில் படுக்க வைத்தார். காலையில் சர்க்கரை சேர்த்த கஞ்சி, மதியம் ஆட்டிறைச்சி ரசம் என்று எல்லோருக்கும் ஒரே வகைச் சாப்பாடு கொடுத்தார். பிறகு இருவர் இருவராக ஆறு ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து என்று தந்தார்.

முதல் ஜோடிக்கு ஆப்பிளைப் புளிக்கவைத்த சைடர் பானம். இரண்டாவது ஜோடிக்குக் கந்தக அமிலத் திராவகம். மூன்றாவதுக்கு வினிகர். நான்காவதுக்குக் கடல்நீர். ஐந்தாவதுக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறாவதுக்குப் பூண்டு, கடுகு முதலியவற்றை அரைத்த லேகியம். கூடவே குடிப்பதற்கு நம் ஊர்ப் புளி கரைத்த பார்லி தண்ணீர்!

ஆறே நாளில் பழங்கள் தீர்ந்துபோயின. அதற்குள் பழம் சாப்பிட்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டார். மற்றவரும் நன்றாகத் தேறி, மீதியிருந்த நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டார். சைடர் குடித்தவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. மற்றவர்களிடம் சொல்லும்படியாக எதுவும் இல்லை.

இதில் புதுமை எலுமிச்சை அல்ல, ஒப்பிட்டுப் பார்த்ததுதான். பழம் கொடுத்தேன், குணமானது என்று மட்டும் சொல்லியிருந்தால் அது இன்னொரு கைவைத்தியக் கதையாகப் போயிருக்கும். அதே நோய், அதே இடம், அதே சாப்பாடு, மருந்து மட்டும் வேறு. அதனால்தான் குணமானதற்குக் காரணம் பழம் என்று அவரால் சொல்ல முடிந்தது.

ஒரு குறையும் இருந்தது, அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். மிக மோசமான நிலையில் இருந்த இருவரைக் கடல்நீர் ஜோடியில் போட்டிருந்தார். அவர்கள் தேறாததற்குக் காரணம் கடல்நீரா, முற்றிய நோயா என்று எப்படிச் சொல்வது? யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தன் விருப்பப்படி முடிவு செய்யக்கூடாது என்ற விதி மருத்துவ ஆய்வில் நிலைபெறுவதற்கு இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் பிடித்தன.

அவர் சறுக்கிய இடம்

மறுநாளே எல்லாக் கப்பல்களிலும் எலுமிச்சை ஏற்றியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நடக்கவில்லை.

லிண்ட் 1748இல் கடற்படையை விட்டு விலகி, எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று, அங்கேயே தொழில் நடத்தினார். ஸ்கர்வியைப் பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றை எல்லாம் தேடிப் படித்தார். எது நேரில் கண்டது, எது கேள்விப்பட்டதை அப்படியே திருப்பி எழுதியது என்று பிரித்துப் பார்த்தார். 1753இல் 400 பக்கங்களுக்கு மேல் வரும் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் அந்த 12 பேர் சோதனைக்கு அதில் கிடைத்தது சில பத்திகள் மட்டுமே.

காரணம், லிண்டிடம் ஒரு கொள்கையும் இருந்தது. கப்பலின் ஈரக்காற்று தோலின் துளைகளை அடைத்து வியர்வையைத் தடுப்பதால் உடம்பு கெட்டுப்போகிறது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின்படி எலுமிச்சை பல நல்ல மருந்துகளில் ஒன்று, அவ்வளவுதான். தன் கண்ணால் கண்ட ஆதாரம் ஒன்று சொல்ல, மனத்தில் இருந்த கொள்கை இன்னொன்று சொன்னது. கொள்கைக்கே அவர் கூடுதல் இடம் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் பெரியது. பழங்கள் நீண்ட பயணத்தில் அழுகிவிடுமே என்று யோசித்து, சாற்றை வெந்நீர்ச் சூட்டில் மணிக்கணக்கில் வற்றவைத்துப் பாகாக்கும் முறையைச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் கெடாது, சத்தும் போகாது என்று நம்பினார். ஆனால் சூட்டிலும் சேமிப்பிலும் வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. வைட்டமின் சி என்ற பொருளே 1930களில்தான் அடையாளம் காணப்பட்டது.

தெரியாதது அவர் தவறல்ல. ஆனால் சாலிஸ்பரியில் செய்ததைப் போலப் புதிய பழத்தையும் இந்தப் பாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்திருந்தால் வித்தியாசம் அன்றே தெரிந்திருக்கும். பழத்தைச் சோதித்தார்; பாகைச் சோதிக்காமலே பரிந்துரைத்தார். கப்பல்களில் கொண்டுபோன பாகு பெரிதாகப் பலன் தராததால் எலுமிச்சையின் பெயரே கெட்டது.

சென்னைக்கு வந்த கப்பல்

1758இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார் லிண்ட். 1783 வரை அங்கே பணியாற்றினார். ஸ்கர்வி நோயாளிகள் நூற்றுக்கணக்கில் அவர் கையில் வந்தனர். கப்பல்களின் தூய்மை, மாலுமிகளின் உடை, கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்குவது என்று பலவற்றைப் பற்றியும் எழுதினார். 1794 ஜூலை 13 அன்று காலமானார்.

அதே 1794இல் சஃபக் என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. மாலுமிகளுக்குத் தினமும் காய்ச்சாத எலுமிச்சைச் சாறு சர்க்கரையுடன் கொடுக்கப்பட்டது. எங்கும் கரை தொடாமல் 23 வாரம் பயணம் செய்து அது வந்து சேர்ந்த இடம் நம் மெட்ராஸ். ஸ்கர்வியால் ஒருவரும் சாகவில்லை. மறு ஆண்டு, கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவரின் முயற்சியால் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றுக்கொண்டது. லிண்டின் புத்தகம் வெளிவந்து அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் போன உயிர்களை நினைத்துப் பாருங்கள்.

கதை அங்கும் முடியவில்லை. 1860களில் கடற்படை மத்தியதரைக் கடல் பகுதியின் பெரிய மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறிய எலுமிச்சைக்கு மாறியது. இரண்டும் புளிப்புத்தானே, என்ன வித்தியாசம் என்று நினைத்தார்கள். அதில் வைட்டமின் சி குறைவு. பதப்படுத்திச் சேமித்த சாற்றில் அதுவும் போய்விடும். 1875இல் வடதுருவம் நோக்கிப் போன பயணக் குழுவை ஸ்கர்வி மறுபடி பிடித்தது. மருந்தை மாற்றியவர்கள் மாற்றிய மருந்தைச் சோதிக்கவில்லை.

நமக்கு என்ன?

இன்று யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, பல நூறு, பல ஆயிரம் பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அப்படி ஓர் ஆய்வு நம் சென்னையிலும் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டிலும் அதே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். காசநோய் என்றால் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடந்தே தீரவேண்டும் என்ற நம்பிக்கையை அது உலக அளவில் மாற்றியது.

ஆகவே அடுத்த முறை ஒரு சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள்.

1. எதோடு ஒப்பிட்டார்கள்? ஒருவருக்குக் குணமானது என்பது செய்திதான். அதைச் சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் சேர்ந்தால்தான் ஆதாரம்.

2. யாரிடம் சோதித்தார்கள்? என் வயதிலும் என் நோய்களோடும் இருப்பவர்களிடம் அதே பலன் கிடைத்ததா?

3. சோதித்ததும் என் கையில் இருப்பதும் ஒன்றுதானா? அளவோ வடிவமோ மாறினால் பலனும் மாறலாம். பழம் வேறு, பாகு வேறு.

இந்தக் கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பதிலும் வைத்திருப்பார். ஆனால் விடை தெரியும்வரை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

லிண்ட் சோதனையைத் தொடங்கிய மே 20ஆம் தேதி இன்று உலக மருத்துவ ஆய்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அடுத்த மே மாதம் நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பார்க்கும்போது, உப்புக் காற்றில் படுத்துக்கிடந்த அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.