ரொபெர்ட்டோ கிளெமென்டே

கொடுப்பது எளிது, கொடுத்தது உரியவர் கையைச் சேர்ந்ததா என்று காண்பதே அரிது. அவ்வரிய செயலில் உயிர் நீத்த பேஸ்பால் வீரர் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ரொபெர்ட்டோ கிளெமென்டே 1934-ஆம் ஆண்டு போர்ட்டோ ரீக்கோத் தீவில், கரும்புத் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1955 முதல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவில் ஆடினார். மைதானத்தின் வலக்கோடியில் நின்று பந்தைப் பிடித்து, நெடுந்தொலைவு குறி தவறாது எறிவதில் இவர்க்கு நிகராவார் சிலரே. கருநிறம் பற்றியும் ஸ்பானிய மொழி பற்றியும் பிறர் இகழ்ந்த காலத்தும் இவர் தலை குனிந்தாரல்லர். தேசிய லீகில் நான்கு முறை மட்டையடியில் முதன்மை பெற்றார். இவர் குழு 1960-லும் 1971-லும் உலகத் தொடரை வென்றது. 1972 செப்டம்பர் 30-ல் தமது 3,000-ஆவது வெற்றியடியை அடித்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 23-ல் நிக்கராகுவாவின் தலைநகராகிய மனாகுவா நிலநடுக்கத்தால் பாழாயிற்று. தாம் திரட்டி அனுப்பிய பொருள்கள் துன்புற்றோரைச் சேரவில்லையெனக் கேட்டு, தாமே உடன் செல்லத் துணிந்தார். டிசம்பர் 31 இரவு, பளு மிகுந்த அவ்விமானம் கடலில் வீழ்ந்தது. அப்போது அவர்க்கு வயது 38. உடலும் கிடைத்திலது.

ஐந்தாண்டு காத்திருக்கும் விதியை விலக்கி, 1973-ல் பேஸ்பால் புகழ் மண்டபம் அவரை ஏற்றுச் சிறப்பித்தது. பொருளை அனுப்பியதோடு அமைந்துவிடும் நமக்கு அவர் வாழ்வு பாடமாகுக.