பொம்மைப் படைகளும் எச். ஜி. வெல்ஸும்

சென்ற சோளகக் காலத்தில் ஒரு மாலை என் பேரன் தன் தோழர் மூவரையும் தோழி ஒருத்தியையும் அழைத்து வந்து எங்கள் வீட்டு விறாந்தையைத் தனதாக்கிக் கொண்டான். குளக்கரையிலிருந்து களிமண் வந்தது. பின்வளவிலிருந்து ஊமல்கள் வந்தன. ஈர்க்குகள் வேல்களாயின; சிரட்டைகள் கோட்டைக் கொத்தளங்களாயின. சீமெந்துத் தரையிலே, நம் குடாநாட்டுப் பிள்ளைகள் கண்டறியாத பேராறு ஒன்று வெண்கட்டியால் வரையப்பட்டது. இக்கரையில் மனிதரின் அரசு. அக்கரையில் இறகு முளைத்த அரக்கரின் அரசு. ஒரு பொழுதில் முடியும் ஆட்டம் அன்று அது. ஒரு போரின் முடிவிலிருந்து மறு போர் பிறந்து, விடுமுறை முழுவதும் தொடரவேண்டிய நெடிய படையெடுப்பு.

நான் தடுத்துவிட்டேன். எங்கள் வளவிலே பனங்குற்றி அடுக்கிப் பதுங்குகுழி அமைத்த இடம் இன்றும் சற்றே தாழ்ந்து கிடக்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர்க் கடைசியில் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, முதிய தாயைக் கைத்தாங்கலாக நடத்திச் சென்றவர்களுள் நானும் ஒருவன். போரை விளையாட்டாக்குவது அத்தகைய எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் மறுமொழி பேசாது பொருள்களையெல்லாம் கடகத்தில் அள்ளினர். அந்த மௌனம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. உறங்காத அவ்வேளையிலே, மாணவப் பருவத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்த ஓர் எழுத்தாளரின் வாழ்க்கை என் நினைவில் எழுந்தது. அந்நூலகத்தை 1981ஆம் ஆண்டு தீ உண்டது. படித்தவை நெஞ்சில் எஞ்சின. அவ்வெழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். பொம்மைப் போர் என்னும் விளையாட்டுக்கு முறையான விதி வகுத்து நூலாக்கி உலகறியச் செய்தவர் அவரே.

ஹேர்பேட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்துப் புறொம்லி என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை ஜோசப், பீங்கான் கலங்களும் துடுப்பாட்டப் பொருள்களும் விற்ற சிறு கடைக்காரர். கடை நட்டத்திலே ஓடினாலும் ஆட்டத்திலே அவர் கெட்டிக்காரர். 1862ஆம் ஆண்டு சசெக்ஸ் அணிக்கு எதிராகத் தொடர்ந்து நான்கு பந்துகளில் நால்வரை வீழ்த்திய பந்துவீச்சாளர் அவர். தாய் சேரா, செல்வர் மாளிகையிலே பணிப்பெண்ணாக இருந்தவர். பின்னாளில், குடும்பம் நொடித்தபோது, அத்தகைய மாளிகையொன்றுக்கே வீட்டு மேற்பார்வையாளராகத் திரும்பிச் சென்றவர்.

1874ஆம் ஆண்டு சிறுவன் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. மாதக்கணக்காகப் படுக்கையிலே கிடந்த பிள்ளைக்குத் தந்தை நூல்களைக் கொண்டுவந்து குவித்தார். தம்மை எழுத்தாளராக்கியது அந்த முறிந்த காலே என்று வெல்ஸ் பின்னர் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. ஆயினும் வறுமை அவரை விடவில்லை. பதின்மூன்று வயது முடிந்ததும் துணிக்கடையிலே தொழில் பயில விட்டனர். சவுத்சீ நகரத்துக் கடையொன்றில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் துணி மடித்தார். 1883இல் அத்தளையை உதறி மிட்ஹேர்ஸ்ற் பாடசாலையிலே மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். மறு ஆண்டே புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்று, டார்வினின் கொள்கையை நாடெங்கும் நிலைநாட்டிய ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார்.

இவ்விடத்தில் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹக்ஸ்லியிடம் கற்ற முதலாண்டிலே சிறந்து விளங்கிய அவர், பின்னர் புவிச்சரிதவியல் தேர்விலே தவறி, 1887இல் பட்டமின்றியே வெளியேறினார். ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே 1890இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தைப் பெற்றார். மண்ணெண்ணெய் விளக்கின்முன் அமர்ந்து அதே பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுக்குப் படித்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் பரம்பரைக்கு வெல்ஸ் ஒருவகையில் உறவினர் எனலாம். இடையிலே வேல்ஸ் நாட்டுப் பாடசாலையொன்றில் உதைபந்தாட்டத்தின்போது பட்ட அடியினால் அவர் உடல்நலம் குலைந்தது. நின்று கற்பிக்க இயலாதவர் இருந்து எழுதலானார்.

1895இல் வெளிவந்த கால இயந்திரக் கதை அவரை ஒரே ஆண்டில் புகழுக்கு உயர்த்தியது. 1897இல் கண்ணுக்குப் புலப்படாத மனிதனின் கதையும், 1898இல் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மேல் படையெடுத்த கதையும் நூலுருப் பெற்றன. பின்னைய கதை வெறுங் கற்பனையன்று. தாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளுக்கு ஐரோப்பியர் செய்த கொடுமையை எண்ணி, அதே விதி இலண்டனுக்கு நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று ஆங்கிலேயரையே நினைத்துப் பார்க்கச் செய்த நூல் அது. அந்நியர் ஆட்சியிலே வாழ்ந்த நம்மவர் அந்நூலின் உட்பொருளை எளிதில் உணர்ந்திருப்பர்.

புகழும் பொருளும் வந்தபின் வெல்ஸ் சாண்ட்கேற் கடற்கரையிலே வீடு கட்டினார். மனைவி ஜேன் வாயிலாக 1901இலும் 1903இலும் இரு ஆண்மக்கள் பிறந்தனர். பிள்ளைகளோடு தரையிலே மண்டியிட்டு, மரக்கட்டைகளால் தீவுகளும் நகரங்களும் அமைத்து விளையாடிய பட்டறிவை 1911இல் ஒரு சிறு நூலாக்கினார். அதற்கு இரண்டாண்டின்பின், 1913இல், பொம்மைப் போருக்குரிய விதிநூல் வெளிவந்தது. சிறிய போர்கள் என்பது அதன் பெயர்.

அவ்விளையாட்டுப் பிறந்த வரலாறு சுவையானது. பகலுணவின்பின் நண்பர் ஒருவர், மேசைமேலிருந்த சுருள்வில் பீரங்கியால் பொம்மை வீரன் ஒருவனைக் குறிபார்த்துச் சுட்டாராம். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோமே அந்நண்பர் என்பது பலர் கருத்து. ஒரு குண்டு மறு குண்டை அழைத்தது. வீட்டிலே போர் மூண்டது. பின்னர், தென்னாபிரிக்கப் போரிலிருந்து மீண்ட படையதிகாரி ஒருவரும் வேறு சில நண்பர்களும் கூடி, ஆடியும் வாதாடியும் ஒவ்வொரு விதியாகச் செதுக்கினர்.

விதிகள் எளியவை. முதலிலே களத்தின் நடுவே திரை கட்டப்படும். எதிரி தன் படையை எங்கே நிறுத்துகிறான் என்பது தெரியாது. திரை விலகியபின் காலாள் ஒரு தடவைக்கு ஓரடி நகரலாம். குதிரைவீரன் இரண்டடி நகரலாம். அருகே நான்கு வீரரேனும் நின்றாலன்றிப் பீரங்கி சுடாது. கடிகாரம் காலத்தை அளக்கும். தாயக்கட்டையின் தயவு அங்கே கிடையாது; அங்குலமளவான மரக்குண்டு எதைச் சாய்த்ததோ அதுவே மாண்டது. தோட்டத்துச் செடிக் கொப்புகள் காடாகும், மரக்கட்டைகள் வீடுகளாகும், வெண்கட்டிக் கோடு ஆறாகும். எங்கள் விறாந்தையிலே நான் கண்டதும் இதுவன்றோ!

போரைப் பலகையிலும் தரையிலும் நடத்துவது வெல்ஸுக்கு முன்னரும் இருந்ததே. சதுரங்கமும், நம் ஊர்த் திண்ணைகளிலே ஆடிய நாயும் புலியும் ஆட்டமும் அவ்வினத்தவை. புரூசிய நாட்டிலே ரைஸ்விற்ஸ் என்னும் தந்தையும் மகனும் படையதிகாரிகளின் பயிற்சிக்காகப் போராட்டம் ஒன்றை உருவாக்கினர். 1824இல் அந்நாட்டுப் படையே அதனை ஏற்றது. கற்பனை நாடு படைத்து ஆடுவோருக்கோ புறொன்ரே உடன்பிறப்புகள் முன்னோடிகள். 1826இல் தந்தை வாங்கி வந்த பன்னிரண்டு மரவீரர்களைக் கொண்டு அந்நால்வரும் ஒரு கற்பனை நாட்டையே எழுப்பி, அதற்குச் சரித்திரமும் பத்திரிகையும் எழுதினர். அப்பயிற்சியிலிருந்தே பின்னாளில் சார்லொற், எமிலி ஆகியோரின் நாவல்கள் பிறந்தன. ஆயினும் படைத்துறையின் கருவியாயிருந்ததை வீட்டுக் கூடத்துக்குரிய விளையாட்டாக்கி, யாரும் ஆடத்தக்க விதிகளோடு தந்த பெருமை வெல்ஸுக்கே உரியது.

அவர் அந்நூலை எழுதிய நோக்கம் இன்னும் பெரிது. தரையிலே நூறு பொம்மைகளை நகர்த்தும்போதே இத்தனை பிழை விடுகின்ற மனிதர், இலட்சக்கணக்கான உயிர்களை நகர்த்தப் புகுந்தால் விளைவது பேதைமையும் பேரழிவுமே என்பது நூலின் முடிவுரை. போர்வெறி கொண்டோர் அனைவரையும் ஓர் அறையிலே பொம்மைகளோடு அடைத்துவிட்டால் உலகம் தன் தொழிலைப் பார்க்கும் என்பது அவர் கனவு.

நூல் வெளிவந்து ஓராண்டு சென்றது. 1914 ஆகஸ்ற் மாதம் உலகப் போர் மூண்டது. அப்போது வெல்ஸ் செய்தது யாது? போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் இதுவே என்று பத்திரிகைகளில் எழுதி மக்களை ஊக்கினார். அத்தொடர் நாடெங்கும் பரவி, பின்னர் கசப்பான ஏளனச் சொல்லாயிற்று. 1916இல், போரிலே மகனை இழந்த தந்தை ஒருவரின் துயரத்தை நாவலாக்கினார். 1918இல் எதிரிநாட்டுக்கெதிரான பிரசார அலுவலகத்திலே பணியாற்றி, மனம் வெறுத்து விலகினார். போரின் மடமையை விளையாட்டாகக் காட்டி நிறுவியவரே, உண்மைப் போரின் முரசொலி கேட்டதும் மயங்கினார். அவரைக் குறைகூற இதனைச் சொன்னேனல்லேன். அறிவிலே தெளிந்த ஒருவரையே ஓராண்டில் மாற்றவல்லது அம்முரசொலி என்பதை நாம் உணரவேண்டும். நம் நாட்டிலும் அதனைக் கேட்டவர் நாம்.

போர்க்கருவிகளை முன்கூட்டியே கண்ட தீர்க்கதரிசனமும் அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. 1903இல் அவர் கதையிலே ஊர்ந்த இரும்புக் கவச வண்டி 1916இல் பிரான்சின் சேற்றிலே உண்மையாய் ஊர்ந்தது. 1914இல் அவர் எழுதிய நாவலிலே விழுந்த அணுகுண்டு 1945இல் ஹிறோசிமாவிலே விழுந்தது. அச்செய்தியைக் கேட்கவும் அவர் உயிரோடிருந்தார்.

முதுமையிலே அவர் வேறொரு விதிநூலுக்கு உழைத்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940இல் மனித உரிமைகள் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டு, போர்க்காலத்திலும் அரசுகள் மீறலாகாத உரிமைகள் இவை என வரிசைப்படுத்தினார். நண்பர் பலரோடு கூடி அதற்கொரு பிரகடனமும் வகுத்தார். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய உலகப் பிரகடனத்துக்கு வழி திறந்த முயற்சிகளுள் அதுவும் ஒன்று. அதனைக் காண அவர் இருக்கவில்லை. குண்டுகள் பொழிந்த காலத்திலும் இலண்டன் வீட்டைக் கைவிடாத வெல்ஸ் 1946 ஆகஸ்ற் 13ஆம் நாள் அங்கே தம் வீட்டிலேயே மறைந்தார். அவர் சாம்பலைக் கடல் ஏற்றது.

அவர் தொடக்கிய விளையாட்டோ மறையவில்லை. 1971இல் அமெரிக்காவிலே கேரி கைகக்ஸும் ஜெவ் பெரனும் இடைக்காலப் போர்களுக்கு வகுத்த விதிநூலொன்றில் மந்திரவாதிகளுக்கும் பறவைநாகங்களுக்கும் இடமளித்தனர். அதிலிருந்தே 1974இல் நிலவறைகளும் நாகங்களும் என்னும் கற்பனை ஆட்டம் பிறந்து உலகெங்கும் பரவிற்று. நண்பர் குழுவொன்று கூடி மாதக்கணக்காக ஒரே கதையை வளர்த்துச் செல்லும் வழக்கம் இன்று எத்தனையோ நாடுகளில் உண்டு. என் பேரன் யாரிடம் கற்றான் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்க யாரும் வேண்டியதில்லை போலும்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் என் தடையிலே நியாயம் குறைந்தது. மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் ஆடும் துடுப்பாட்டத்தை வடக்கின் பெருஞ்சமர் என்று நாம் பெருமையோடு அழைக்கிறோம். சாய்ந்தவன் மறுபடி எழுந்து நிற்கும் போர் ஒன்று உண்டென்றால் அது விளையாட்டிலேதான். ஆனால் வெல்ஸ் 1911ஆம் ஆண்டு நூலிலே ஒரு குறையைச் சொல்லியிருந்தார். பொம்மைக் கடைகளிலே படைவீரர் நிரம்பக் கிடைக்கின்றனர், சாதாரணக் குடிமக்களின் உருவங்களோ அரிது என்பதே அக்குறை. இரண்டாண்டின்பின் வந்த போர் விதிகளிலே அக்குடிமக்களுக்கு அவர் இடம் வைக்கவில்லை. வீடுகள் இருந்தன, வீடுகளில் வாழ்வோர் இல்லை.

மறுநாட் காலை நானே கடகத்தை எடுத்து விறாந்தையில் வைத்தேன். பிள்ளைகள் வந்தபோது, ஆற்றங்கரையிலே ஓர் ஊர் அமைக்க அனுமதி கேட்டேன். எஞ்சிய களிமண்ணில் ஒரு கிழவி, கைக்குழந்தையோடு ஒரு தாய், ஒரு வாத்தியார், இரண்டு ஆடுகள், புத்தகங்கள் அடுக்கிய ஒரு சிறு கட்டடம் ஆகியவற்றைச் செய்து வைத்தேன். ஒரே ஒரு விதியையும் சேர்த்தேன். இருதிறத்துப் படைகளும் மோதுமுன் இவ்வூரார் அனைவரும் பத்திரமான இடத்தை அடைந்திருக்கவேண்டும். கிழவி ஒரு தடவைக்கு அரை அடிக்குமேல் நடக்கமாட்டாள். அரை அடி என்ற அளவை நான் கற்பனையில் பெறவில்லை.

பிள்ளைகள் அவ்விதியை ஏற்றனர். அன்று மாலைவரை இரண்டு அரசுகளும் சேர்ந்து கிழவியையும் ஆடுகளையும் ஆற்றைக் கடக்கச் செய்துகொண்டிருந்தன. அரக்கர்சேனைத் தலைவியாயிருந்த சிறுமி, இறகுடைய தன் வீரன் ஒருவனைக் கொண்டு புத்தகங்களைச் சுமப்பித்தாள். விளக்கு வைக்கும் நேரம் வந்தது. பிள்ளைகள் வீடு திரும்பவேண்டியதாயிற்று. போர் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.