தங்கத்தை விட்டு கிரிக்கெட் கப்பலில் ஏறிய சென்னை வீரர்! இரண்டு விளையாட்டில் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே.கோபாலன் கதை

பாடி, கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டீக்கடையில் நின்றால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் விளையாட்டில்தான் வந்து நிற்கும். சின்னப் பசங்க செல்போனில் கூண்டுக்குள் இரண்டு பேர் கையாலும் காலாலும் அடித்துக்கொள்ளும் கலப்பு சண்டை ஓடும். இன்னொருத்தர் ராத்திரி கண் முழித்து பார்த்த ஐரோப்பிய கால்பந்து பற்றி அளப்பார். யாராவது ஒரு பெரியவர் ஆக்கியை இழுத்தால்தான் சூடு பிடிக்கும். ஒலிம்பிக்கில் எட்டு தங்கம் வாங்கிக் கொடுத்த ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் கிரிக்கெட் பின்னால் ஓடுறாங்களே என்பது அவர் கட்சி.

2023-ல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் மலேசியாவை 4-3 என்று வீழ்த்தி இந்தியா ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை தூக்கியது. அடுத்த வருடம் பாரீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். அப்போதெல்லாம் இந்த கட்சிக்கு ஆள் கூடும். ஐ.பி.எல். வந்துவிட்டால் ஆள் குறைந்துவிடும்.

ஆனால் ஆக்கியா, கிரிக்கெட்டா என்ற இந்த சண்டை இன்று நேற்று வந்ததில்லை. 1936-ம் ஆண்டிலேயே ஒரு சென்னைக்காரர் முன்னால் இந்த கேள்வி வந்து நின்றது. அவர் கிரிக்கெட் என்றார். கிடைத்திருக்க வேண்டிய ஒலிம்பிக் தங்கம் போய்விட்டது. அவர்தான் எம்.ஜே.கோபாலன்.

கம்பெனி வேலை

கோபாலன் பிறந்தது 1909-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி. சொந்த ஊர் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா மொறப்பாக்கம். சின்ன வயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் இருந்து சேப்பாக்கம் மைதானம் நடக்கிற தூரம்தான்.

பையன் வேகமாக பந்து வீசுவதை ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் பார்த்தார். சென்னை கிரிக்கெட்டில் அப்போது அவர் பெரிய கை. கோபாலனுக்கு பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் வேலை கிடைக்க அவர்தான் காரணம். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பிலும் இடம் கிடைத்தது.

விளையாட்டால் வேலை என்பதை பாடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே ஐ.சி.எப். இருக்கிறது. ஆக்கி மட்டையை பிடித்து ரெயில்வேயில் சேர்ந்தவர்கள், பந்து உதைத்து சேர்ந்தவர்கள் என்று இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒருத்தரை காட்டலாம். ஆனால் ஐ.சி.எப். வந்ததே 1955-ல்தான். கோபாலன் காலத்தில் கம்பெனி என்றால் வெள்ளைக்காரன் கம்பெனி. வேலையும் சம்பளமும் அவன் மனசு வைத்தால்தான். இதை கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த நாளில் பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் வருடா வருடம் ஆட்டம் நடக்கும். சென்னையே திரண்டு வரும். ஐரோப்பியர் அணியில் ஜான்ஸ்டன். இந்தியர் அணியில் கோபாலன். வேலை வாங்கிக் கொடுத்தவர் ஆடும் அணிக்கு எதிராகவே பந்து வீச வேண்டிய நிலை. கோபாலன் தயங்காமல் வீசினார்.

முதல் பந்து

1934-ம் வருடம் ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியுடன் டெஸ்ட் போட்டி. சி.கே.நாயுடு தலைமையிலான இந்திய அணியில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் டெஸ்ட். சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியே அதுதான். சொந்த ஊர், சொந்த மைதானம். ஆனால் அணியில் கோபாலன் பெயர் இல்லை. கல்கத்தாவில் ஆடியதுதான் அவருடைய முதல் டெஸ்ட். கடைசி டெஸ்டும் அதுவே.

அந்த குறையை அதே வருடம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கம் ஓரளவு தீர்த்தது. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். போட்டியின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். இன்று வரை ரஞ்சியில் எத்தனை லட்சம் பந்து வீசியிருப்பார்களோ, வரிசையில் முதல் பந்து நம்ம ஆளுடையது.

ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48 ரன், சென்னை 130, மறுபடியும் மைசூர் 59. இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 11 விக்கெட் அள்ளினார். டிக்கெட் வாங்கி மறுநாளும் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

தியான்சந்துடன்

கிரிக்கெட் ஒரு பக்கம் இருக்க, ஆக்கியிலும் கோபாலன் லேசுப்பட்டவர் இல்லை. 1935-ல் தியான்சந்த் தலைமையில் இந்திய ஆக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் கிளம்பியது. அதில் கோபாலனும் போனார். அந்த பயணத்தில் ஆடியது 48 ஆட்டம். ஜெயித்ததும் 48. அடித்த கோல் 584. வாங்கிய கோல் வெறும் 40. இன்றைக்கு ஒரு அணி இப்படி ஆடினால் டி.வி.க்காரர்கள் நாள் முழுக்க அதையே போட்டுக்காட்டுவார்கள்.

அப்போது டி.வி. ஏது? பேப்பரில் நாலு வரி வந்தால் உண்டு.

ஆக, 1936 பிறந்தபோது கோபாலன் கையில் இரண்டும் இருந்தது. அந்த வருடம்தான் பெர்லின் ஒலிம்பிக். 1928, 1932 என்று தொடர்ந்து இரண்டு தங்கம் வாங்கிய இந்திய ஆக்கி அணி மூன்றாவது தங்கத்துக்கு தயாரானது. அதே வருடம்தான் இந்திய கிரிக்கெட் அணியின் இங்கிலாந்து பயணமும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒலிம்பிக் ஆகஸ்டில். இரண்டிலும் கால் வைக்க வழியே இல்லை. கிரிக்கெட் அணியில் பெயர் வந்தது. ஆக்கி தேர்வு ஆட்டத்துக்கு கோபாலன் போகவில்லை. இங்கிலாந்து கப்பலில் ஏறிவிட்டார்.

இதை சொல்லி அவரை ஏமாளி என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. சோறு போட்டது கிரிக்கெட் வழியாக வந்த கம்பெனி வேலை. வெள்ளைக்காரன் ஆட்சியில் இங்கிலாந்து போய் கிரிக்கெட் ஆடுவது சாதாரண கவுரவம் இல்லை. ஆக்கியில் ஏற்கனவே தியான்சந்த் பக்கத்தில் நின்று வெளிநாட்டில் ஆடியாயிற்று. கிரிக்கெட்டில் ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்திருந்தது. அன்றைக்கு அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அந்த கப்பலில்தான் ஏறியிருப்பார்கள்.

ராஜா வீட்டு கேப்டன்

வினை வேறு இடத்தில் இருந்தது. அணிக்கு கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார். ஆட்டத்தை விட பணமும் செல்வாக்கும் அதிகம் உள்ளவர். மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன். ஆனால் பயணத்தின் நடுவில் சர் பட்டம் மட்டும் கிடைத்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கீனம் என்று சொல்லி முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்கு திருப்பி அனுப்பினார்கள். அணிக்குள் கோஷ்டி. காலை சாப்பாட்டு மேசையில் சி.கே.நாயுடுவை எல்லோர் முன்னாலும் அவமதித்த ஒருவருக்கு டெஸ்ட் இடம் பரிசாக கிடைத்தது என்று கிரிக்கெட் எழுத்தாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த களேபரத்தில் கோபாலனை கண்டுகொள்ள ஆள் இல்லை. மூன்று டெஸ்டில் ஒன்றில் கூட அவரை இறக்கவில்லை. இந்தியா 2-0 என்று தொடரை இழந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே அணியில் சென்னையில் இருந்து போன இன்னொருவர் கோட்டா ராமசாமி. சென்னை கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபுவின் மகன். 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். அவருக்கு அப்போது வயது 40. அவருக்கு இரண்டு டெஸ்ட் கிடைத்தது. கிடைத்ததை விடாமல் மான்செஸ்டரில் 40, 60 என்று அடித்தார். டென்னிஸ்காரருக்கு கிரிக்கெட்டில் கதவு திறந்தது, ஆக்கிக்காரருக்கு திறக்கவில்லை. (இந்த ராமசாமி 1985-ல் வீட்டை விட்டு போனவர், திரும்பவே இல்லை. அது தனிக் கதை.)

ஆகஸ்ட் 15

பெர்லினில் இந்திய அணிக்கும் ஆரம்பம் நன்றாக இல்லை. போனதும் ஜெர்மனியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் 4-1 என்று தோற்றது. பதறிப்போய் ஊருக்கு சொல்லி அனுப்பி தாரா என்ற வீரரை அவசரமாக வரவழைத்தார்கள். அவர் அரை இறுதிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14-ந் தேதி நடக்க வேண்டியது. மழையால் மறுநாளுக்கு தள்ளிப்போனது. அதே ஆகஸ்ட் 15, சனிக்கிழமைதான் லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்டும் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. ஆகஸ்ட் 15 என்றால் அப்போது எந்த விசேஷமும் கிடையாது. சுதந்திரத்துக்கு இன்னும் 11 வருடம் இருந்தது.

பெர்லினில் தியான்சந்த் அணி அதே ஜெர்மனியை இடைவேளை வரை ஒரு கோலில் வைத்திருந்து, பிறகு வெளுத்து வாங்கியது. 8-1. மூன்றாவது தங்கம்.

ஓவலில் இங்கிலாந்து வீரர் ஹாமண்ட் இந்திய பந்துவீச்சை அடித்து துவைத்தார். அந்த ஆட்டத்தில் அவர் 217 ரன். வேகப்பந்து வீசத் தெரிந்த கோபாலன் ஆடும் 11 பேரில் இல்லை.

அதற்குப் பிறகு

ஊர் திரும்பிய கோபாலன் மட்டையையும் பந்தையும் மூலையில் போட்டுவிடவில்லை. சென்னை அணிக்காக தொடர்ந்து ரஞ்சி ஆடினார். 40 வயதை தாண்டியும் ஆடினார். முதல்தர கிரிக்கெட்டில் மொத்தம் 78 ஆட்டம், 194 விக்கெட். யுத்தம் வந்து ஆறு ஏழு வருடம் டெஸ்டே நடக்காமல் போனது. ஒரு டெஸ்ட் என்ற கணக்கு மாறவே இல்லை. பிறகு இந்திய அணியை தேர்வு செய்யும் குழுவிலும் இருந்தார்.

1952-53-ல் அவர் பெயரில் கோப்பை ஒன்று தொடங்கியது. சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த கோபாலன் கோப்பை ஆட்டம். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல். அதற்கு முன்னால் அந்த ஊர் வீரர்களுக்கு வெளிநாட்டில் ஆடக் கிடைத்த நல்ல ஆட்டங்களில் இதுவும் ஒன்று. பின்னால் உலகக் கோப்பையே வாங்கிய நாடு, ஒரு காலத்தில் சேப்பாக்கத்துக்கு வந்து நம்ம ஆள் பெயரில் உள்ள கோப்பைக்கு மல்லுக்கட்டியது.

ஆக்கியில் இந்தியா கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வாங்கியது 1980-ல் மாஸ்கோவில். கேப்டன் தமிழ்நாட்டுக்காரர், வி.பாஸ்கரன். கோபாலனுக்கு அப்போது வயது 71.

2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி சென்னையில் கோபாலன் காலமானார். வயது 94. உயிரோடு இருந்த இந்திய டெஸ்ட் வீரர்களில் அன்றைக்கு அவர்தான் மூத்தவர்.